கார் கூரையில் சுமை ஏற்றும் முன்: குறுக்குக் கம்பி பற்றிய கேள்வி பதில்

மதுரையில் இருபது ஆண்டுகளாகக் கார்களுக்குக் கேரியர் பொருத்தும் வேலை பார்க்கிறேன். மாசிக் களரியில் தொடங்கி மே மாத விடுமுறை முடியும் வரை என்னிடம் வருகிறவர்களின் கவலை பெரும்பாலும் ஒன்றுதான்: ஏழு பேர் அமரும் வண்டியில் ஏழு பேரும் ஏறிவிட்டால் பெட்டிக்கும் பாத்திரத்துக்கும் இடம் எங்கே? கூரையில் ஏற்றலாம். அதற்கு நீளவாக்கில் ஓடும் இரண்டு ரெயில்களுக்கும் குறுக்கே இரண்டு கம்பிகள் வேண்டும். எந்தக் கம்பி, எவ்வளவு எடை என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் வண்டியில் ரூஃப் ரெயில் கம்பெனியிலிருந்தே வந்திருக்கிறது. அதன் மேல் எந்தக் கம்பியையும் மாட்டலாம்தானே, அண்ணா? (திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி)

அவசரப்படாதீர்கள், தம்பி. கூரையின் இரும்போடு போல்ட் போட்டு முறுக்கிய ரெயிலும் உண்டு, அழகுக்காக ஒட்டி வைத்த ரெயிலும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். போன மாதம் ஒருவருடைய வண்டியில் ரெயிலைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் இரட்டைப் பக்க டேப்பும் பிளாஸ்டிக் கிளிப்புகளும்தான் இருந்தன. அதன் மேல் கயிறு கட்டி ஒரு அரிசி மூட்டையை ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். வழியில் ஒன்றும் ஆகாமல் வந்து சேர்ந்தது அவருடைய நல்ல நேரம்.

ஆட்டிப் பார்த்தோ தட்டிப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. வண்டியோடு வந்த கையேட்டில் கூரைச் சுமை பற்றிய பகுதியைப் பாருங்கள். இத்தனை கிலோ என்று அச்சிட்டிருந்தால் தாங்கும். சுமை ஏற்றக் கூடாது என்றிருந்தால் அந்த யோசனையை அத்தோடு விட்டுவிடுங்கள். ஒன்றுமே எழுதவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை, நானே சொன்னாலும், நம்பி ஏற்றாதீர்கள்.

தாங்கும் ரெயில்தான் என்று தெரிந்த பிறகு இன்னொன்றைப் பாருங்கள். ரெயிலுக்கும் கூரைக்கும் நடுவே கை நுழைகிறதா? நுழைந்தால் ரெயிலைச் சுற்றிப் பிடிக்கும் கவ்வி போதும். ரெயில் கூரையோடு ஒட்டிப் படுத்திருந்தால் அந்த மாடலுக்கென்றே செய்த கவ்வி வேண்டும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவது அங்கே சரியாக உட்காராது.

கையேட்டில் 75 கிலோ என்று இருக்கிறது. அப்படியானால் 75 கிலோ சாமான் ஏற்றலாமா? (மேலூர்)

முடியாது. அந்த 75 கிலோவுக்குள் கம்பியின் எடையும் அதன் மேல் வைக்கும் பெட்டியின் எடையும் அடக்கம். இரண்டு கம்பியும், அவற்றைக் கூரையில் பிடித்து நிறுத்தும் கால்களும் சேர்ந்து 6 கிலோ, மூடி போட்ட பெட்டி 18 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 51 கிலோ. கம்பியின் அட்டைப்பெட்டியில் 100 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அது கம்பியின் தெம்பு, உங்கள் கூரையின் தெம்பு அல்ல. கூரை, கம்பி, பெட்டி என்ற மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு.

ஏழு பேர் ஆளுக்கு 65 கிலோ என்றால் உள்ளேயே 455 கிலோ இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். மேலே ஏற்றுவது கூரையின் அளவுக்குள் இருந்தாலும் வண்டியின் மொத்த எடை வரம்பைத் தாண்டிவிடலாம். அந்த வரம்பும் அதே கையேட்டில் இருக்கும்.

உசிலம்பட்டியில் வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் அடித்து வாங்கினால் மலிவாக முடிகிறது. அலுமினியக் கம்பிக்கு ஏன் அவ்வளவு விலை கொடுக்க வேண்டும், ஐயா?

நம் பட்டறைக்காரர்களின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்பாசிடர் காலத்து கேரியர்கள் எல்லாம் அவர்கள் செய்தவைதான், இன்றும் சில உழைக்கின்றன. ஆனால் அந்த வண்டிகளில் கூரையின் ஓரத்தில் மழைநீர் ஓடும் தடித்த இரும்பு விளிம்பு இருந்தது. கேரியரின் கால் அதைக் கவ்விப் பிடித்தது. இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் அந்த விளிம்பு இல்லை. குழாய் எவ்வளவு பலமாக இருந்தாலும் கால் பிடிக்கும் இடம் துல்லியமாக அமையாவிட்டால் பயனில்லை. பட்டறையில் சிக்கல் வருவது குழாயில் இல்லை, இந்தக் காலில்தான்.

அடுத்தது எடை. இரும்புக் குழாய் தன் எடையாலேயே உங்கள் 75 கிலோவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். சத்தம் இன்னொன்று. சதுரக் குழாயின் தட்டையான முகத்தில் காற்று மோதிச் சுழலும்போது உள்ளே ஊளையிடுவதுபோல் கேட்கும். அலுமினியக் கம்பியை விமான இறக்கையைப்போல முன்பக்கம் உருண்டும் பின்பக்கம் மெலிந்தும் செய்வது இதற்காகத்தான். 1942இல் ஸ்வீடனில் தொடங்கிய தூலே போன்ற கம்பெனிகள் அந்த வடிவத்தில் கம்பி செய்கின்றன. அதே வடிவம் இப்போது பல விலைகளில் கிடைக்கிறது. ஊருக்குள் மட்டும் 40 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறவருக்குச் சதுரக் கம்பியே போதும். நான்குவழிச் சாலையில் குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர் இறக்கை வடிவத்தை வாங்குங்கள்.

ரெயிலே இல்லாத கூரைக்கு வழி உண்டா?

உண்டு. கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கால்கள் கிடைக்கின்றன. உங்கள் மாடலின் பெயர் அதன் பட்டியலில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பொருத்திய பின் கதவுகளைச் சாத்தி, ரப்பர் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள்.

சன்ரூஃப் இருக்கிறதே?

கம்பி போட்ட பிறகு அதைச் சரித்துத் திறந்தால் கண்ணாடி கம்பியில் இடிக்கக்கூடும். வண்டி நிற்கும்போது மெதுவாகத் திறந்து, ஒருவர் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லட்டும். பின்கதவையும் அப்படியே சோதியுங்கள். அது மேலே எழும்போது பெட்டியின் வாலில் இடிப்பதை நிறைய வண்டிகளில் பார்க்கிறேன்.

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிறோம். மாமனார், மாமியார், பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். அண்டா, கேஸ் அடுப்பு, சிலிண்டர், போர்வைகள் எல்லாவற்றையும் மேலே போட்டுவிடலாமா, அண்ணா? (திருநகரிலிருந்து ஒரு சகோதரி)

சிலிண்டர் வேண்டாம், அம்மா. மேலேயும் வேண்டாம், பிள்ளைகள் இருக்கும் வண்டிக்குள்ளும் வேண்டாம்.

மலைப்பாதையில் கூரைச் சுமை சமவெளியில் இருப்பதுபோல் இருக்காது. வளைவில் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது. எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகச் சாய்க்கும். ஆகவே கனமானவை எல்லாம் கீழே, பின் இருக்கைக்குப் பின்னால். அரிசி, தண்ணீர் கேன், அடுப்பு அங்கே போகட்டும். போர்வை, ஸ்வெட்டர், பாய், துணிப்பை மேலே போகட்டும். அண்டா இடத்தை அடைக்குமே தவிர எடை குறைவு. கவிழ்த்துக் கட்டினால் மேலே வைக்கலாம். வாயைத் திறந்து வைத்தால் காற்றை அள்ளும்.

வழக்கமாக எடுக்கும் வேகத்தில் வளைவுகளை எடுக்க வேண்டாம் என்று ஓட்டுகிறவரிடம் சொல்லுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழ் கியரில் வரட்டும். ராமேசுவரம் போனாலும் இதேதான். பாம்பன் பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று உயரமான பெட்டியைப் பிடித்துத் தள்ளும்.

தங்கைக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். மெத்தையை மேலே கட்டலாமா?

இந்தக் கேள்விக்கு நான் பட்ட அனுபவத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சீர் மெத்தையை நானே கட்டி அனுப்பினேன். நைலான் கயிற்றைக் குறுக்கே இரண்டு சுற்று இறுக்கிவிட்டேன், முன்பக்கத்தைக் கட்டவில்லை. கொட்டாம்பட்டி தாண்டியதும் மெத்தையின் முன்நுனி கொஞ்சம் தூக்கியிருக்கிறது. அடுத்த நொடி முழுவதும் எழுந்து, கயிறு அறுந்து, சாலை நடுவே போய் விழுந்தது. பின்னால் பைக்கில் வந்தவர் ஒதுங்கித் தப்பினார். அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கி.மீ. வேகத்தில் நேராக மோதும் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். ஆறடிக்கு நாலடி மெத்தை எழுந்து நின்றால் அது 100 கிலோவைத் தாண்டும். வேகத்தை 70க்குக் குறைத்தால் அந்த விசை பாதியாகிவிடும்.

மெத்தைக்கு ஒரு சரக்கு ஆட்டோ பிடியுங்கள் என்பதுதான் என் பதில். வேறு வழியே இல்லையென்றால் குறுக்கே இரண்டு பட்டையோடு, முன்நுனியிலிருந்து பானெட்டுக்கு அடியிலுள்ள கொக்கிக்கும் பின்நுனியிலிருந்து பின்பக்கக் கொக்கிக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். நைலான் இழுபடும், பாலியஸ்டர் பட்டை அவ்வளவு இழுபடாது. கொக்கி வைத்த ரப்பர் கயிறு எதற்கும் ஆகாது. பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் ரீங்காரம் போடாது. வண்டியின் பக்கத்தையோ முன்பின்னையோ அனுமதித்த அளவுக்கு மேல் தாண்டிச் சுமை நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய்.

கம்பியை ஆண்டு முழுவதும் அப்படியே விட்டுவிடலாமா? (ஒத்தக்கடை)

விடாதீர்கள். சும்மா கிடக்கும் கம்பியும் காற்றைத் தடுத்து டீசலைத் தின்னும். நம் ஊர் வெயிலில் காலின் அடி ரப்பர் காய்ந்து வெடிக்கும். அதற்கும் கூரைக்கும் நடுவே புழுதி புகுந்து உப்புத்தாள்போலப் பெயிண்டைத் தேய்க்கும். பொருத்துமுன் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடிபோன்ற ஒட்டுத்தாளை ஒட்டிவிடுங்கள்.

திரும்பப் பொருத்தும்போது இரண்டு கம்பிக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, கதவின் உள்பக்கம் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். பெட்டியோடு வண்டியின் முழு உயரத்தையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். 1.7 மீட்டர் வண்டி, கம்பியும் பெட்டியும் ஏறினால் 2.2 மீட்டர் ஆகிவிடும். கீழ்த்தள வாகன நிறுத்தத்தின் வாசலில் எழுதியிருக்கும் உயரத்தோடு அதை ஒப்பிட்டுவிட்டு நுழையுங்கள். கிளம்பி 50 கி.மீ. ஓடியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தி, எல் கீயால் நான்கு கால்களின் போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் ரப்பர் அமுங்குவதால் ஒன்றிரண்டு கட்டாயம் தளர்ந்திருக்கும்.