குழி வெட்டினால் கிணறு ஏறுமா? பந்திங் வட்டாரக் கேள்விகள்

நிலத்தடி நீரைச் செயற்கையாகச் செறிவூட்டுவது, அதாவது மழைநீரைக் குழியில் விட்டு மண்ணுக்குள் இறக்குவது பற்றி நான் பேசியதிலிருந்து, மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பந்திங் வட்டாரத்திலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே குறைதான்: "செலவு செய்தோம், மட்டம் ஏறவில்லை." சிலவற்றுக்கு இங்கே பதில்.

கூரைத் தண்ணீரைக் கிணற்றோரக் குழியில் விட்டேன். மறுநாள் கிணறு நன்றாக ஏறியது. நாலே நாளில் பழையபடி இறங்கிவிட்டது. தண்ணீர் எங்கே போனது?

எங்கும் போகவில்லை, பரவிவிட்டது. உங்கள் கூரை 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் மழைக்கு 5,000 லிட்டர் கிடைக்கும். மணலின் கன அளவில் தண்ணீர் ஏறி இறங்கும் இடைவெளி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே 5 கன மீட்டர் தண்ணீர் 25 கன மீட்டர் மணலை நிரப்பும். குழிக்குக் கீழே ஐந்துக்கு ஐந்து மீட்டர் பரப்பில் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்து, மேடு போல நிற்கும். அதைத்தான் மறுநாள் பார்த்தீர்கள். அந்த மேடு சரிந்து ஐம்பதுக்கு ஐம்பது மீட்டருக்குப் பரவினால், ஏற்றம் வெறும் ஒரு சென்டிமீட்டர். நீங்கள் சேர்த்ததில் அண்டை வீட்டுக் கிணறும் குடிக்கிறது, அவ்வளவுதான். தெருவே சேர்ந்து செய்தால்தான் மட்டம் உயர்ந்து நிற்கும். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, வாரம் ஒருமுறை, காலையில் பம்பு போடுவதற்கு முன் அளந்து எழுதுங்கள். பம்பு ஓடிய பிறகு அளந்தால் அந்தக் கணக்கு உதவாது.

எங்கள் கோவிலில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. பக்கத்தில் இரண்டு குழி வெட்டி, கல்லும் மணலும் போட்டோம். ஒரு வருடமாகியும் மட்டம் அசையவில்லை. வேலை செய்தவர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை; கீழே இருப்பதைப் பார்க்காமல் வெட்டியிருப்பார். பந்திங் இருக்கும் லங்காட் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மேலே கிடப்பது பழைய கடல் களிமண். அஸ்திவாரம் தோண்டியவர்களைக் கேளுங்கள், மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும் அந்தச் சாம்பல் நிறச் சேற்றை மறந்திருக்க மாட்டார்கள். கடலை நெருங்க நெருங்க அது தடித்துக்கொண்டே போகிறது. உங்கள் ஆழ்துளைக் கிணறு தண்ணீர் எடுப்பது அதற்கும் கீழே உள்ள மணல், சரளைப் படிவத்திலிருந்து. குழியில் விட்ட தண்ணீர் களிமண்ணைத் தாண்டுவதில்லை. மேலேயே தேங்கி, மெல்லக் கால்வாய்க்குப் போய்விடும்.

கீழ்ப் படிவத்துக்குத் தண்ணீர் வருவது பெரும்பாலும் தொலைவிலிருந்து, கிழக்கே களிமண் மெலிந்து மறையும் மேட்டுப் பக்கத்திலிருந்து. இங்கேயே ஊட்ட வேண்டுமென்றால் களிமண்ணைத் துளைத்துக் குழாய் இறக்கி, சுத்தமான நீரைச் செலுத்த வேண்டும். அப்போது விளைவு வேறு மாதிரி இருக்கும். மூடிக்கிடக்கும் படிவத்தில் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால், கொஞ்சம் செலுத்தினாலும் தூரத்துக் கிணறு வரை மட்டம் சட்டென்று எழும். நிறுத்தினால் அதே வேகத்தில் இறங்கும். அனுமதி, செலவு, பராமரிப்பு எல்லாம் பார்த்தால் ஒரு கோவில் நிர்வாகம் தாங்கும் வேலை இல்லை. அடுத்த குழிக்குப் பணம் கட்டுவதற்கு முன், கிணறு போட்டபோது எழுதிய மண் அடுக்குக் குறிப்பை வாங்கிப் பாருங்கள்.

இன்னொன்று. பக்கத்தில் நிறைய நீர் இறைத்தவர்கள் நிறுத்தினாலும் மட்டம் ஏறும். அந்தப் பெருமை சில சமயம் குழிக்குப் போய்விடுகிறது!

சென்னையில் உறவினர் வீட்டில் மழைநீர்க் குழி வெட்டியதும் கிணறு ஊறியதாம். அங்கே நடப்பது இங்கே ஏன் நடக்கவில்லை?

தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மற்ற மாதங்களில் இறைத்து இறைத்து நிலம் காலியாகக் கிடக்கிறது. கடலோர மணல் பகுதிகளில் விட்ட தண்ணீர் நேரே இறங்கி அந்தக் காலி இடத்தை நிரப்புகிறது. தீபகற்ப மலேசியாவில் சராசரியாகச் சுமார் 2,400 மில்லிமீட்டர், அதுவும் ஆண்டு முழுதும். நம் மேல்மண் ஏற்கனவே நனைந்திருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் கால்வாய் வெட்டியதே தண்ணீரை வெளியேற்றத்தான். 1998, 2014 வறட்சிகளை நினைத்துக் கேட்கிறீர்கள் என்றால், இந்தக் களிமண் பகுதியில் கூரைத் தண்ணீருக்குத் தொட்டி வைப்பதே புத்திசாலித்தனம்.

கடலோர மோரிப் பக்கம், மணலில் எங்கள் கிணறு. வெயில் காலத்தில் உப்புக் கரிக்கிறது. செறிவூட்டினால் மாறுமா?

மணல் என்பதால் உங்களுக்கு வாய்ப்பு உண்டு. நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்பு அண்டாது. மேலே ஒரு சாண் குறைந்தாலும் கீழே உப்பு பல மீட்டர் ஏறும். கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் 1976 முதல் சுத்திகரித்த நீரைக் கிணறுகளில் செலுத்திக் கடல்நீரைத் தடுத்துவருகிறார்கள். நீங்கள் கூரைத் தண்ணீரை விடுங்கள், அதைவிட முக்கியமாக ஒரேயடியாக இறைக்காதீர்கள்.

தோட்டக் கால்வாய்த் தண்ணீரைக் குழியில் விடலாமா?

வேண்டாம். உரமும் பூச்சி மருந்தும் கிணற்றுக்கு வரும். வண்டல் சீக்கிரமே குழியை அடைத்துவிடும். கூரைத் தண்ணீரானாலும் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, வருடம் ஒருமுறை மேல் மணலைச் சுரண்டி மாற்றுங்கள்.

ரப்பர் தோட்டத்தில் தாத்தா சரிவுகளில் வண்டல் குழி வெட்டியதாகச் சொல்வார். அதுவும் செறிவூட்டல்தானா?

ஆம். ஓடும் மழையையும் மண்ணையும் பிடித்து மரத்துக்கு ஈரம் வைப்பதற்காக வெட்டினார்கள், ஆனால் பிடித்ததில் ஒரு பங்கு கீழே இறங்கத்தான் செய்தது. மேட்டு நிலத்தில் அந்தக் கடல் களிமண் மூடி கிடையாது. கோவில் கிணற்றுக்குப் பக்கத்தில் நாம் கல் போட்டு வெட்டும் குழியைவிட, மலைச் சரிவில் தாத்தா மண்வெட்டியால் வெட்டிய குழி சரியான இடத்தில் இருந்தது.