கோடைக்கு விண்ணப்பம் ஐப்பசியிலேயே

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். வேதியியல் படிக்கும் மகளைக் கோடை விடுமுறையில் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு எங்கே அனுப்பலாம் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒன்பதாயிரம் ரூபாய் கட்டினால் ஒரே மாதத்தில் 'ஆராய்ச்சிப் பயிற்சிச் சான்றிதழ்' தருவதாக மகளின் கைப்பேசிக்கு வந்த அழைப்பைச் சொல்கிறேன். கட்டாதீர்கள். பெயர்பெற்ற கோடைக்கால ஆய்வுத் திட்டங்களில் பணம் மாணவருக்கு வரும், மாணவரிடமிருந்து போகாது. அதிலும் உங்கள் மகள், அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குகிறவள். ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று கணக்கிடும் அந்தத் தொகையில் 60,000 படிப்புச் செலவுக்கு. மீதி 20,000 கோடை விடுமுறையில் ஓர் ஆய்வாளரிடம் சேர்ந்து வேலை செய்வதற்கென்றே ஒதுக்கியது. அரசாங்கமே பணம் கொடுத்து ஆய்வுக்கூடத்துக்குப் போகச் சொல்லும்போது, யாருக்கோ நாம் ஏன் கட்டணம் கட்ட வேண்டும்?

"மே மாதம் லீவு விடட்டும், பிறகு பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து ஒரு கோடைக்கால ஆய்வுத் திட்டத்தை நடத்துகின்றன. இரண்டு மாதம் வேலை, மாத உதவித்தொகை, வந்துபோக ரயில் கட்டணம். அதற்கான விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் இறுதியோடு முடிந்துவிடும். மாமரம் பூக்கும் முன்பே கதவு சாத்தியாகிவிடுகிறது. மாணவர்களுக்கு வழிகாட்டும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு மாணவனிடம் "பரீட்சை முடிந்ததும் வா" என்று சொல்லி, அவனுடைய ஓர் ஆண்டைப் பாழாக்கியிருக்கிறேன். இப்போது ஐப்பசி. உங்கள் மகளுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை.

விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைத் தவிர இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, என்ன ஆய்வு செய்ய ஆசை என்று மாணவி எழுதும் சிறு குறிப்பு. நூறு பிள்ளைகளில் தொண்ணூறு பேர் "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்" என்றுதான் தொடங்குகிறார்கள். படிக்கிறவர் அடுத்த தாளைப் புரட்டிவிடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளும் இதே வரியோடுதான் வந்தாள். கல்லூரி ஆய்வகத்தில் உனக்குப் பிடித்த பரிசோதனை எது என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் சோதனை. ஒரு நாள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோய்ச் சோதித்திருக்கிறாள். ப்யூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து சோதனைத் திரவம் பாதிக்கு மேல் இறங்கியும் கரைசல் ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறவில்லை, அவ்வளவு கடினமான தண்ணீர். ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடியும் எடுத்துப் பார்த்தால் கடினத்தன்மை நன்றாகக் குறைந்திருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை. "இதை மட்டும் எழுது, ஆர்வத்தை விட்டுவிடு" என்றேன். எழுதினாள், இடம் கிடைத்தது. உங்கள் மகளிடமும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். வேதியியல் படிக்கிற பிள்ளையிடம் இல்லாமல் இருக்காது.

இரண்டாவது, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். துறைத்தலைவர் என்பதற்காக அவரிடமே போய் நிற்க வேண்டாம். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர் போதும். பல திட்டங்களில் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு போகும், அவர்தான் கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும். அந்த மின்னஞ்சல் விளம்பரங்களுக்கு நடுவே புதைந்து, கெடு முடிந்த மறுநாள் கண்டெடுக்கப்பட்ட கதைகள் என்னிடம் நிறைய உண்டு. பத்து நாள் முன்னதாகவே கேட்டுவிட்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை பணிவாக நினைவூட்டச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையமும் இரண்டு மாதக் கோடைத் திட்டம் நடத்துகிறது. வேதியியலுக்கு மிக நல்ல இடம். "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக" என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. விடுதி உண்டா, வளாகத்துக்குள்ளா வெளியிலா என்று அனுமதிக் கடிதம் வந்ததும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள். உதவித்தொகை பெரும்பாலும் தாமதமாகத்தான் கணக்கில் ஏறும் என்பதால் முதல் மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள்.

அதுவும் மனம் ஒப்பவில்லை என்றால் காரைக்குடி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கேதான். பேட்டரி, உலோக அரிப்பு போன்றவற்றில் வேலை செய்யும் விஞ்ஞானி ஒருவரின் கட்டுரையைப் படித்துவிட்டு, அவருக்கு மட்டும் மகள் கடிதம் எழுதலாம். அறுபது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் அறுபது பேரும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் தம்பி மகனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பி.இ. மூன்றாம் ஆண்டு என்பதால் சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைத் திட்டம் அவனுக்குப் பொருந்தும். பிற கல்லூரி மாணவர்களுக்காகவே அது நடக்கிறது. ஜெர்மனி போக வேண்டுமானால் அந்நாட்டின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் 'வைஸ்' (WISE) உதவித்தொகை இருக்கிறது, ஆனால் அங்குள்ள பேராசிரியரின் அழைப்புக் கடிதத்தை அவன் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். இளநிலை மாணவர்களுக்கு அமெரிக்கா நடத்தும் ஆர்.இ.யு. (REU) ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறான் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். அமெரிக்க அறிவியல் அறக்கட்டளை அந்தப் பணத்தை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான் தருகிறது.

பல்கலைக்கழகத் தேர்வு மே மாதத்துக்குள் நீண்டால் பதற வேண்டாம். சேரும் நாளை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று வழிகாட்டும் விஞ்ஞானியிடம் மகள் கேட்கட்டும். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் போனை அவள்தான் செய்ய வேண்டும், நீங்கள் அல்ல. குறிப்பையும் அவளே தமிழில் முதலில் எழுதி, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பட்டும். ஆங்கிலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.