யார் வீட்டுப் பிள்ளை?

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய காலப் பயணத் திரைக்கதையின் 26 பக்கங்களையும் இரண்டு முறை படித்துவிட்டேன். இடையில் உங்கள் அப்பா தொலைபேசியில் அழைத்து, "பொறியியல் மூன்றாம் ஆண்டில் இதெல்லாம் தேவையா சார்?" என்று கேட்டார். அவருக்கான பதிலும் இந்தக் கடிதத்தில் உண்டு. முதலில் எழுத்தைப் பார்ப்போம்.

முதல் 11 பக்கங்களை இயந்திரமே விழுங்கிவிட்டது. கம்பிச் சுருள், நீல ஒளி, சூத்திரம் எழுதிய பலகை. எனக்குக் கதை தொடங்கியது 14ஆம் பக்கத்தில்தான். 1984. வெயிலில் நடந்து களைத்த நாயகன் ஒரு திண்ணையில் உட்காருகிறான். அவன் பிறக்கும் முன்பே இறந்துபோன தாத்தா, சொம்பில் தண்ணீர் கொடுத்து, "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கிறார். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நீங்களோ அதை நான்கு வரியில் முடித்துவிட்டுத் துரத்தல் காட்சிக்கு ஓடிவிட்டீர்கள். தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரையாவது அவனை அங்கே உட்கார விடுங்கள்.

1985இல் வந்த 'பேக் டு த ஃபியூச்சர்' என்ற ஹாலிவுட் காலப் பயணப் படத்தின் கரு எங்கே கிடைத்தது தெரியுமா? அதன் எழுத்தாளர்களில் ஒருவரான பாப் கேல், தன் அப்பாவின் பள்ளி ஆண்டு மலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். இதே பள்ளியில் ஒன்றாகப் படித்திருந்தால் நானும் அப்பாவும் நண்பர்களாக இருந்திருப்போமா என்று ஒரு கேள்வி எழுந்தது. கால இயந்திரம் காராக மாறியதெல்லாம் பின்னால். தொடக்கப் பிரதியில் அது ஒரு குளிர்சாதனப் பெட்டி!

அந்தப் படத்திலிருந்து இன்னொன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். அதன் நாயகன் 1955க்குப் போய் மாட்டிக்கொள்கிறான். திரும்பி வர இயந்திரத்துக்கு வேண்டிய மின்சாரத்தை அங்கே ஒரு மின்னல்தான் தர முடியும். அது ஊர் மணிக்கூண்டில் எந்த நேரத்தில் விழுந்தது என்ற தகவல், சாதாரணத் துண்டறிக்கை வடிவில் முன்பே நாயகன் கைக்கு வந்துவிடுகிறது. கடைசிக் காட்சியின் பரபரப்பு முழுவதும் அந்தக் காகிதத்தில் விதைத்தது. உங்கள் இயந்திரத்துக்கோ எந்தக் கட்டுப்பாடும் இல்லை. நினைத்தபோது போகலாம், வரலாம். அப்படியானால் நாயகன் தவறு செய்தாலும் எனக்கு ஏன் பதைக்க வேண்டும்? ஒரே முறை, சூரியன் மறையும்வரை என்பதுபோல் ஒரு விதி வையுங்கள். படம் தொடங்கி 20 நிமிடத்துக்குள் அது பார்வையாளருக்குத் தெரிந்துவிட வேண்டும். பிறகு நீங்களே அதை மீறக் கூடாது.

நாயகன் போவது தாத்தா நிலத்தை விற்பதைத் தடுக்க. ஆனால் அந்தப் பணத்தில்தான் அப்பா நகரத்துக்குப் போய்ப் படித்தார், அங்கேதான் அம்மாவைச் சந்தித்தார் என்று 6ஆம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிலம் மிஞ்சினால் நாயகன் ஏது? இதை மூடி மறைக்கப் பார்க்காதீர்கள். கதையின் முடிச்சே இதுதான். கடந்த காலம் மாறுமா, மாறாதா, மாறினால் வேறொரு கிளையாகப் பிரியுமா என்பதை முடிவு செய்துகொண்டு இந்த முடிச்சின் மேல் உட்காருங்கள்.

சுவரில் இரண்டு வரிசையாகச் சீட்டுகளை ஒட்டுங்கள். மேலே, காட்சிகள் திரையில் வரும் வரிசை. கீழே, அவை நாள்காட்டிப்படி நடந்த வரிசை. ஓட்டைகள் தாமாகக் கண்ணில் படும். சில்லறைப் பிழைகளும் அகப்படும். உங்கள் டீக்கடைக்காரர் 1984இல் 500 ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் மீதி கொடுக்கிறார். அந்த நோட்டு புழக்கத்துக்கு வந்தது 1987இல். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் உங்களுக்கு ஒரு நல்ல காட்சி கிடைக்கும்.

இனி அப்பாவுக்கு. சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் 2 முடித்தவர்கள் இயக்கமும் திரைக்கதையும் படிக்கலாம். ஆனால் மூன்றாம் ஆண்டில் இருக்கும் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புனேயில் உள்ள மத்திய அரசின் திரைப்படக் கல்வி நிறுவனத்தில் திரைக்கதைக்கென்றே படிப்பு இருக்கிறது. அதற்குப் பட்டம் வேண்டும், பொறியியல் பட்டமும் செல்லும். ஆகவே பட்டத்தை முடிப்பது கனவுக்கும் பயன்படும், வீட்டுக்கும் நிம்மதி. திரைக்கதையால் மாதச் சம்பளம்போல் வருமானம் வராது என்பதையும் அப்பாவிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் எழுதுங்கள். தேர்வு மாதங்களில் வேண்டாம்.

முழுப் பிரதி தயாரானதும் யாருக்கும் காட்டும் முன் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். சட்டம் காப்பது எழுதி முடித்த வடிவத்தைத்தான். வாயால் சொன்ன கருவை அல்ல.

1984இல் நிலத்தை விற்றது உங்கள் வீட்டில் நடந்ததுதான் என்று அப்பா பேச்சுவாக்கில் சொன்னார். பத்திரப் பதிவு அன்று தாத்தா என்ன சட்டை போட்டிருந்தார், திரும்பி வந்து சாப்பிட்டாரா, யாரிடமாவது பேசினாரா என்பதெல்லாம் அப்பாவுக்கு நினைவிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எதிரே உட்கார்ந்து கேளுங்கள். நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.