பதில்: ஆங்கில வேதாகமத்தில், அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் 36-ஆம் வசனத்துக்குப் பிறகு 38 வருவது அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை, புத்தகத்தை மாற்ற வேண்டாம். அப்போஸ்தலர் 8:37 (8-ஆம் அதிகாரம், 37-ஆம் வசனம்) என்ஐவி (NIV) என்ற புதிய ஆங்கில மொழிபெயர்ப்பில் வேண்டுமென்றேதான் விடப்பட்டிருக்கிறது. இன்னொரு புதிய மொழிபெயர்ப்பான இஎஸ்வி (ESV) வாங்கினாலும் அந்த எண் இருக்காது.

காரணம் மூலப்பிரதி. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு, இந்த வசனம் இருந்த, 16-ஆம் நூற்றாண்டில் அச்சான கிரேக்கப் பதிப்புகளைப் பின்பற்றியது. வசன எண்களும் 1551-இலேயே போடப்பட்டுவிட்டன. ஆனால் அவற்றைவிடப் பழைய, கையால் எழுதிய 4-ஆம் நூற்றாண்டுச் சீனாய், வத்திக்கான் கிரேக்கச் சுவடிகளில் இந்த வசனம் கிடையாது. புதிய மொழிபெயர்ப்புகள் வசனத்தை எடுத்தன, எண்ணை மட்டும் மாற்றவில்லை. ஓட்டை தெரிவது அதனால்தான்.

அதே பக்கத்தின் அடிக்குறிப்பைப் பாருங்கள். விட்ட வரி அங்கே இருக்கும். கைபேசிச் செயலி என்றால் முதலில் அமைப்புகளில் அடிக்குறிப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மத்தேயு 17:21, யோவான் 5:4 இரண்டும் இதே கதைதான்.

பழைய திருப்புதல் என்ற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்கத்தான் ஆங்கிலம் என்றால், 1982-இல் முழுமையாக வந்த நியூ கிங் ஜேம்ஸ் எடுங்கள். இந்த வசனங்கள் உள்ளேயே இருக்கும், சந்தேகம் அடிக்குறிப்பில். ஓட்டமாகப் படிக்க மட்டும் என்றால் என்ஐவியே போதும்.

பழைய கிங் ஜேம்ஸுக்குப் போனால் ஒரு எச்சரிக்கை: சொற்கள் ஏமாற்றும். 1 தெசலோனிக்கேயர் 4:15-இல் 'ப்ரிவென்ட்' என்பது தடுப்பதல்ல, முந்திக்கொள்வது. தமிழில் சரியாகவே இருக்கிறது, பாருங்கள். கத்தோலிக்கர் என்றால் 73 நூல்களும் உள்ள பதிப்பா என்று பொருளடக்கத்தில் எண்ணிவிட்டு வாங்குங்கள்.