உப்புவெளி மழையும் கனடா ஸ்னோவும் – கடிதம்

வணக்கம் அண்ணா,

கமரா வாங்கியதிலிருந்து மாரி மழையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணுக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டுவது படத்தில் வெறும் மங்கலாக வருகிறது. கனடாவில் இருக்கும் மச்சான் போனில் எடுத்து அனுப்பும் ஸ்னோ சாம்பல் நிறமாக இருந்தாலும் கலைப்படம் மாதிரித் தெரிகிறது. ஸ்னோ விழாத ஊரில் இருந்துகொண்டு இதற்கு ஆசைப்படுவது வீண்தானோ?

– உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வீண் இல்லை, ஆனால் உங்கள் பொறாமையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஸ்னோ கொட்டினால் குப்பை, கல், நடைபாதை, நிறுத்திவைத்த வாகனம் எல்லாவற்றையும் அதுவே மூடிவிடும், மிஞ்சுவது ஒரு மரமும் ஒரு ஆளும்தான். படமெடுப்பவர் செய்யவேண்டிய பாதி வேலையை வானமே செய்துகொடுத்துவிடுகிறது. மைக்கேல் கென்னா என்ற இங்கிலாந்துப் புகைப்படக்காரர் வடக்கு ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள், வெள்ளைத்தாளில் மை தொட்டுக் கீறினாற்போல வேலியும் மரமும் நிற்கும். நம்முடைய மழை எதையும் மறைக்காது, இருக்கிற குப்பையையும் நனைத்துப் பளபளவென்று காட்டும். எதைப் படச்சட்டத்துக்கு வெளியே விடுவதென்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

மங்கலாக வருவதற்குக் காரணம் நீங்கள் நிற்கும் இடம். துளிக்கென்று நிறம் கிடையாது. பின்னாலிருந்து வெளிச்சம் பட்டு, அதற்கும் பின்னால் இருட்டாக ஏதாவது இருந்தால்தான் அது தெரியும். பகல் மழையில் கடலைப் பார்த்து எடுத்தால் சாம்பலுக்கு மேல் சாம்பல், கமரா என்ன செய்யும்? பொழுதுபடுகிற நேரமாகத் திருகோணமலை உள்துறைமுக வீதிப் பக்கம் போங்கள், தேத்தண்ணிக் கடை பல்ப்போ எதிரே வருகிற ஓட்டோவின் லைட்டோ மழைக்குப் பின்னால் வருகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 செக்கன் என்றால் துளி துளியாக நிற்கும், 1/60 பக்கம் இறக்கினால் கோடாக விழும். எனக்குக் கோடுதான் பிடிக்கும். துளியை அந்தரத்தில் நிறுத்திய படங்கள் பெரும்பாலும் கமராவின் கெட்டித்தனத்தைத்தான் காட்டுகின்றன.

மழைப்படம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது நியூசிலாந்துப் புகைப்படக்காரர் பிரையன் பிரேக் எடுத்த, கண்ணை மூடி முகத்தை மழைக்குக் கொடுக்கும் பெண். 1960 இல் கல்கத்தாவில் எடுத்தது, முகம் பின்னாளில் நடிகையும் இயக்குநருமான, அப்போது சிறுமியாக இருந்த அபர்ணா சென்னுடையது, மழை ஆள் வைத்து ஊற்றிய தண்ணீர்! ஏமாற்று என்று சிலர் கோபிப்பார்கள், எனக்குக் கோபம் வருவதில்லை. நல்ல மழை கிடைத்தால் நல்ல படம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் அதை ஒருதரம் பார்க்கவேண்டும்.

அப்புறம், மழை விழுவதையே எடுக்கவேண்டுமென்றும் இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் சோல் லைட்டர் பெரும்பாலும் நியூயோர்க்கில் தன் வீட்டுக்குக் கிட்டவுள்ள தெருக்களில்தான் திரிந்தார். ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு உருவம், ஸ்னோ கிடக்கிற தெருவில் ஒரு சிவப்புக் குடை, அவ்வளவுதான். 1940களின் கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த அந்தக் கலர் படங்கள் புத்தகமாக வந்தது 2006 இல், அவருக்கு எண்பது தாண்டிய பிறகு. அவருக்குக் கிடைத்த கண்ணாடி நமக்கும் கிடைக்கிறது. மழைக்கு யன்னலெல்லாம் இழுத்து மூடிய நிலாவெளி பஸ்ஸை வெளியே நின்று பாருங்கள், உள்ளே சனத்தின் மூச்சு படிந்திருக்கும், வெளியே தண்ணீர் நெளிந்து ஓடும், யாரோ ஒரு அம்மா விரலால் துடைத்த வட்டத்தில் மட்டும் அவர் சேலையின் மஞ்சள் பளிச்சென்று தெரியும். கோட்டை மான்கள் மழையில் நனைவதை எடுக்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் படம் ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது.

ஏசி அறையிலிருந்து நேரே வெளியே போகாதீர்கள், லென்ஸில் ஆவி படிந்துவிடும். கமரா பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

மச்சானுக்கும் ஒன்று சொல்லுங்கள். கமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும், அதனால்தான் அவருடைய ஸ்னோ அழுக்காக வருகிறது. போன் திரையில் ஸ்னோவைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளச் சொல்லுங்கள், வெள்ளை வெள்ளையாகவே வரும். நீங்கள் பஸ் யன்னலை எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள், கலரைக் கூட்டாமல்.