டாக்டர் எழுதிய இருமல் சிரப் என்றாலும் லேபிளைப் படியுங்கள்

கேள்வி: நான் 800 மீட்டர் ஓட்டக்காரன், வயது 20. இன்னும் 12 நாளில் முக்கியமான போட்டி இருக்கிறது. சளியும் இருமலும் பிடித்துக்கொண்டதால் டாக்டர் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளாகக் குடிக்கிறேன். லேபிளில் 5 மி.லி.க்கு டெர்பியூட்டலின் சல்பேட் 1.25 மி.கி., புரோம்ஹெக்சின் 4 மி.கி., குவாய்ஃபெனசின் 50 மி.கி. என்று போட்டிருக்கிறது. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் நிறுத்திவிட்டால் போதும்தானே? சோர்வாக இருப்பதால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறார் கோச். அது வெறும் சர்க்கரைத் தண்ணீர்தானே?

பதில்: இரண்டுக்குமே ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றே டாக்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, சிரப்பை மாற்றிக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம்.

சிரப்பில் வில்லங்கம் முதல் வரியில் இருக்கும் டெர்பியூட்டலின். மூச்சுக்குழாயைத் தளர்த்தி விரிக்கும் பீட்டா-2 அகோனிஸ்ட் வகை மருந்து. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான ‘வாடா’வின் தடைப் பட்டியலில் இந்த வகைக்கு ஆண்டு முழுக்கத் தடை. சோதனை அதிகாரிகள் பயிற்சி மைதானத்துக்கோ வீட்டு வாசலுக்கோ வந்து சாம்பிள் கேட்கலாம் என்பதால் ‘இரண்டு நாள் முன்னால் நிறுத்துவது’ என்ற கணக்கு இங்கே செல்லாது. எத்தனை நாளில் உடம்பை விட்டுப் போகும் என்று என்னிடம் கேட்காதீர்கள், இணையத்திலும் தேடாதீர்கள். அந்தக் கேள்வியை உங்கள் தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

மற்ற இரண்டும் தடையில் இல்லை. டெர்பியூட்டலின் இல்லாமல் அதே சளி மருந்தை எழுதித் தருவது டாக்டருக்குச் சிரமமே இல்லை. ஆனால் மாற்றாக வரும் சிரப்பையும் படியுங்கள். அதில் இதே வகையைச் சேர்ந்த சால்பூட்டமாலோ லெவோசால்பூட்டமாலோ இருந்தால் பழைய கதைதான். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சால்பூட்டமாலை இன்ஹேலரில் இழுத்தால் அளவுக்குள் அனுமதி உண்டு: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது. ஒரு பஃப் 100 மைக்ரோகிராம் என்றால், 8 மணி நேரத்துக்கு ஆறு பஃப். அதே மருந்து சிரப்பாகவோ மாத்திரையாகவோ வயிற்றுக்குள் போனால் தடை. அதனால் மருந்தின் பெயரோடு, எந்த வழியில், எவ்வளவு, எப்போது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூக்கடைப்பு மாத்திரைகளில் வரும் சூடோஎபெட்ரின் இன்னொரு ரகம். அது போட்டிக்காலத்தில் மட்டும்தான் தடை, அதுவும் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால். பொதுவாகப் போட்டிக்காலம் என்பது போட்டிக்கு முந்தைய இரவு 11:59-க்கே தொடங்கிவிடும். ஆகவே காலையில் ஓட்டம், ராத்திரி ஒரு மாத்திரை என்பது சரிப்படாது.

‘டாக்டர் கொடுத்தார்’ என்பது எவ்வளவு தூரம் காப்பாற்றும்? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் ஆந்திரேயா ரடுகான் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஆல்ரவுண்டில் தங்கம் வென்றார். வயது 16. சளிக்காக அணியின் டாக்டரே கொடுத்த மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருந்தது, தங்கம் போய்விட்டது. 2002 சால்ட் லேக் சிட்டியில் பிரிட்டன் பனிச்சறுக்கு வீரர் அலைன் பாக்ஸ்டர், ஊரில் வழக்கமாக வாங்கும் அதே பிராண்டு மூக்கு இன்ஹேலரை அமெரிக்கக் கடையில் வாங்கினார். அங்கே அதில் தடையில் உள்ள வேறு சரக்கு இருந்தது. வெண்கலம் போனது. ஏமாற்ற நினைக்கவில்லை என்று ஏற்றுக்கொண்ட பிறகும் பதக்கம் திரும்பவில்லை. உடம்பில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு, எப்படி வந்தது என்பது தண்டனையின் அளவைத்தான் மாற்றும். டெர்பியூட்டலின் போன்ற மருந்துக்கு, வேண்டுமென்றே எடுத்ததாக நிரூபணம் ஆகாவிட்டால், பேச்சு 2 ஆண்டுத் தடையில் தொடங்கும். தவறு சிறியதென்று காட்டினால் எச்சரிக்கை வரை இறங்கலாம். போட்டியின்போது பிடிபட்டால் அங்கே பெற்ற முடிவு எப்படியும் ரத்துதான்.

சரி, சிகிச்சை விலக்கு (டி.யு.இ.) கேட்கலாமே என்று தோன்றும். தடையில் இல்லாத மாற்று மருந்து இருந்தால் விலக்கு கிடைக்காது. சாதாரண இருமலுக்கு மாற்று ஏராளம், எனவே நம்பிக்கை வைக்காதீர்கள். நிஜமாகவே வீசிங், ஆஸ்துமா என்றால் விஷயம் வேறு. அப்போது பரிசோதனை அறிக்கைகளோடு, வழக்கமாகப் போட்டிக்கு 30 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அவசரச் சிகிச்சை என்றால் பின்னரும் விண்ணப்பிக்க வழி உண்டு.

அப்புறம் குளுக்கோஸ். பாட்டிலில் இருப்பது சர்க்கரைத் தண்ணீராகவே இருக்கட்டும், தடை அது உள்ளே போகும் முறைக்கு. 12 மணி நேரத்தில் மொத்தம் 100 மி.லி.க்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது எப்போதும் குற்றம். ஆஸ்பத்திரிச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோய் கண்டறியும் பரிசோதனை ஆகியவற்றின்போது முறைப்படி ஏற்றினால் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்க நீச்சல் வீரர் ரையன் லாக்டி 2018-ல் இப்படித்தான் மாட்டினார். தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை, அளவுதான் தாண்டியது. டிரிப்ஸ் ஏற்றும் படத்தை இன்ஸ்டாகிராமில் அவரே போட்டார், 14 மாதத் தடை வந்தது. கோச்சிடம் இதைக் காட்டுங்கள். தெம்புக்குத் தூக்கமும் சாப்பாடும் போதும், ஜுரம் இருந்தால் ஓட்டத்தையே நிறுத்தி வையுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: ‘மூலிகை’ என்ற வார்த்தையை நம்பி எதையும் குடிக்காதீர்கள். தடைப் பட்டியலில் இருக்கும் எபெட்ரினே ஒரு செடியிலிருந்துதான் வருகிறது. புரோட்டீன் பவுடர் வாங்கியே ஆக வேண்டுமென்றால் பேட்ச் வாரியாகச் சோதித்ததை வாங்குங்கள், அதுவும் முழு உத்தரவாதம் கிடையாது. பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1-ல் புதுப்பிக்கப்படுகிறது. டிரமடால் வலி மாத்திரை 2024-ல்தான் போட்டிக்காலத் தடைக்குள் வந்தது. போன வருஷம் பார்த்தது இந்த வருஷத்துக்கு உதவாது.

இதற்குள் சோதனைக்கு அழைத்துவிட்டால்? பயந்து நழுவாதீர்கள். சாம்பிள் தர மறுத்தால் 4 ஆண்டு வரை தடை, அது சிரப்பைவிட மோசம். சோதனைப் படிவத்தில் கடந்த 7 நாளில் எடுத்த மருந்துகளைக் கேட்பார்கள். சிரப்பின் பெயர், அளவு, கடைசியாகக் குடித்த நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதினால் தப்பித்துவிடலாம் என்றில்லை, ஆனால் மறைக்கவில்லை என்பதற்கு அது சான்று. பாட்டிலை மீதி மருந்தோடு மூடி வையுங்கள். மருந்துச் சீட்டு, கடை பில், படிவத்தின் உங்கள் நகல் மூன்றையும் ஒரே கவரில் போடுங்கள். சாம்பிளை 10 ஆண்டு வரை வைத்திருந்து மறுபடி சோதிக்க விதியில் இடம் இருப்பதால், சீசன் முடிந்ததும் அந்தக் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.