பேயும் ரயில் நேரமும்

கேள்வி: நாடு நாடாகத் துரத்தும் அமானுஷ்யத் திகில் நாவல் என்றால் சோறு தண்ணி மறந்து படிப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். நம்பவே முடியாத கதையில் அப்படி என்ன சுவாரசியம்?

பதில்: பேயை நம்பச் சொன்னால் நம்பிவிடுவேன். ரயிலில் மட்டும் ஏமாற்றக் கூடாது.

1897-இல் வெளிவந்த, பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' நாவலின் முதல் வாக்கியமே ரயில் புகார்தான். மியூனிக்கிலிருந்து இரவு 8.35-க்குக் கிளம்பிய வண்டி வியன்னாவுக்குக் காலை 6.46-க்கு வந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் தாமதம். எழுதியவர், டிராகுலாவின் ஊரான திரான்சில்வேனியா பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை! ஆனாலும் அந்தத் தாமதத்தைப் படித்ததுமே, இவர் அடுத்து என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்டத் தொடங்கிவிட்டேன்.

ரத்தம் குடிக்கும் பேயான டிராகுலா பிரபுவும் நினைத்த இடத்தில் தோன்றிவிட முடியாது. சொந்த மண் நிரப்பிய 50 பெட்டிகளோடு கப்பலேறித்தான் இங்கிலாந்துக்கு வருகிறான். கடைசியில் மிஞ்சிய ஒற்றைப் பெட்டியோடு தப்பி ஓடுவதும் கப்பலில்தான். துரத்துகிறவர்கள் ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் முந்திக்கொண்டு போய் கருங்கடல் கரையிலுள்ள வர்ணா துறைமுகத்தில் காத்துக் கிடக்கிறார்கள். கப்பலோ மூடுபனியில் நழுவி, டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள கலாட்ஸுக்குப் போய்ச் சேர்கிறது. இந்த இடத்தில் நான் அட்லஸை மடியில் விரித்து, விரலால் கோடு இழுத்துப் பார்த்தேன். அடுத்த ரயில் எப்போது என்று எல்லோரும் விழிக்க, துரத்துகிறவர்களில் ஒருத்தியான மினா மட்டும் நேரத்தை மனப்பாடமாகச் சொல்கிறாள். நூறு கோரைப்பற்களைவிட எனக்கு அந்தக் காட்சிதான் பிடிக்கும்.

இப்போது வருகிற பல நாவல்களில் ஒரு அத்தியாயம் கெய்ரோ, அடுத்தது பாரிஸ். நடுவே நாயகனுக்குத் தூக்கம்கூடக் கெடுவதில்லை. பேய்க்கும் அதே வேகம். அப்புறம் துரத்தலில் என்ன பதற்றம் இருக்கும்? பாரிஸ் வந்தாலோ ஈஃபில் கோபுரத்தடியில் சந்திப்பு! அதே ஊரில் வேறொரு பகுதியில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில், பழைய கல் சுரங்கங்களுக்குள் லட்சக்கணக்கானவர்களின் எலும்புகளைச் சுவர்போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டுக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

கேள்வி: இந்த நாவல்களில் அடிக்கடி வரும் வாடிகன் ரகசியக் காப்பகம் நிஜமாகவே ரகசியமா?

பதில்: பெயரில் இருந்த 'செக்ரெட்டும்' என்ற லத்தீன் சொல்லுக்கு அங்கே போப்பின் சொந்தப் பொறுப்பில் உள்ளது என்றுதான் பொருள். 1881-இலிருந்தே ஆய்வாளர்கள் உள்ளே போய்ப் படிக்கிறார்கள். 2019-இல் போப் பிரான்சிஸ் அந்தச் சொல்லையும் எடுத்துவிட்டார். நாவல்களில் மட்டும் கதவு இன்னும் பூட்டியே கிடக்கிறது. கிடக்கட்டும், நாலு அத்தியாயம் ஓடும்.